நாற்பது பேரைத் தாங்கிய தகரப்பெட்டி

என்னங்க,

நூலகத்திலிருந்து வந்ததும் வழக்கம்போல எல்லா சுவிட்சையும் அணைத்துவிடாதீர்கள். சிவப்பு டேப் ஒட்டிய சுவிட்சைத் தொடவே கூடாது. பழைய கம்ப்யூட்டர் அதில்தான் ஓடுகிறது; பள்ளிப் பிள்ளைகள் திறக்கும் பாடத் தளம் முழுக்க அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

"இந்தத் தகரப்பெட்டி பத்துப் பிள்ளைங்களைக்கூடத் தாங்காது, புதுசு வாங்கு" என்றீர்களே, அன்றிலிருந்து மூன்று நாளாக நமக்குள் பேச்சில்லை. நான் மெமரியை மட்டும் எட்டு ஜிபி ஆக்கினேன், வேண்டாத புரோகிராம்களை எடுத்துவிட்டேன். இன்றைக்கும் நின்றுபோனால் பாடத் தளத்தையே மூடிவிடுவதாகச் சொன்ன தலைமையாசிரியை இப்போதுதான் போன் செய்தார்.

"டீச்சர், நாற்பது பேரும் ஒரே நேரத்துல கணக்குப் பாடத்தைத் திறந்துட்டாங்க."

"யாருக்காவது திறக்காம சுத்திக்கிட்டே நிக்குதா?"

"ஒருத்தருக்கும் இல்ல. இனி எல்லா வகுப்புப் பாடமும் உங்க பெட்டியிலதான். உடனே கிளம்பி வாங்க."

போகிறேன். சோறு ஹாட்பாக்ஸில், குழம்பு அடுப்பின் மேல். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

பி.கு.: பெட்டி சூடாகிவிடக் கூடாதென்று யாரோ உங்கள் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் இருப்பதே நாம் இரண்டு பேர். நான் வைக்கவில்லை.

அந்த விசிறியையும் அணைக்காதீர்கள். சாயங்காலம் வந்து பேசுகிறேன்.