சுண்டுவிரல் எட்டாத ஊர்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் முழுக்க நானே எழுதுகிறேன்!

எழுத்து வகுப்பு டீச்சர் மிஸ்பா, சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் உன் கியூபெக்கைக் காட்டினாள். தமிழ்நாட்டைப் போல் பத்துப் பன்னிரண்டு மடங்காம். சனம் ஒரு கோடிகூட இல்லையாம். முறத்தைச் சாய்த்தால் ஏலக்காய் ஓரமாகச் சேருமே, அப்படித்தான் பெரும்பாலும் தெற்கே ஆற்றோரத்தில் இருக்கிறார்களாம். பேச்சு பிரெஞ்சாம்.

உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று, "ரூபினா வந்துருவா, பொறுங்க" என்று அஸர் தொழுகை வரை சந்தூக்குப் பெட்டியைத் தூக்கவிடாமல் நின்றேன். "அத்தா, அவ என்ன பக்கத்துல கம்பத்துலயா இருக்கா, வெரசா வர்றதுக்கு?" என்று உன் அண்ணன் அழுதான். என் காதில் ஏறவில்லை. நீ வரவில்லை என்று அன்றிலிருந்து உன் போனையும் எடுக்கவில்லை.

நேற்று அந்தப் படத்தில் போடி இருக்கும் இடத்தில் கட்டைவிரலை ஊன்றிக் கையை விரித்தேன். உன் ஊருக்குச் சுண்டுவிரல் எட்டவில்லை.

இங்கே மழை இல்லை. நானே சோறு ஆக்குகிறேன். ருசி தெரியவில்லை, சாப்பிடுகிறேன்.

அடுத்த வாரம் ஜும்ஆ முடிந்து, அம்மா கபருக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். அதற்குள் நீ கூப்பிட்டால் எடுப்பேன்.

உன் அத்தா