அம்மா வாங்கிய கார் இன்வெர்ட்டர்

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. திருச்செந்தூர் முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் கனடா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அது போதும். போனில் நீ என்னைப் பேசி முடிக்க விடுவதில்லை, அதனால்தான் லீவு முடிந்து கனடாவுக்குத் திரும்பும் உன் ஆபீஸ் டிக்சன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

மாதத் தொடக்கத்தில் பழையகாயலில் நடந்தது உனக்குத் தெரியும். பென்ஷன்காரர்களுக்கு, உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டும் லைஃப் சர்டிபிகேட் எடுத்துக் கொடுக்க நம் இ-சேவைக் கடையிலிருந்து லேப்டாப், கைரேகைக் கருவி, பிரிண்டர் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். நான் வேலையாக இருக்கும்போது உன் அப்பா, "இதுவும் கரண்டுலதானளா ஓடுது" என்று சொல்லி டீக்கு வெந்நீர் வைக்கிற கெட்டிலை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டார். இன்வெர்ட்டர் காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகிக் கரண்டு எடுக்கிற சின்னப் பெட்டி, கெட்டிலுக்கு எங்கே தாங்கும். கருகின வாடை வந்தது, பெட்டியும் போயிற்று, கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பும் அணைந்தது. மெட்டில்டா அக்காவுடைய சர்டிபிகேட் பாதியில் நின்றது. துறைமுகத்தில் வேலை பார்த்த புருஷனுடைய பென்ஷனில்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள், இந்த மாதம் சர்டிபிகேட் போகாவிட்டால் அது நின்றுவிடும், முட்டுவலியில் டவுனுக்கும் வர முடியாது. இதைக் கேட்டு நீ, கடையை மூடிவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்று கோபப்பட்டாய், கோபம் ஆறுவதற்குள் டிக்சனிடம் ஒரு இன்வெர்ட்டரும் கொடுத்துவிட்டாய். நல்ல பெட்டிதான், ஆனால் உங்கள் ஊர் நூற்றிருபது வோல்ட், நம் பிரிண்டர் இருநூற்று முப்பது கேட்கும். திருப்பி அனுப்புகிறேன், உன் காரில் வைத்துக்கொள்.

நானே போய் ஒன்று வாங்கினேன். லேப்டாப், பிரிண்டர், மோடம் ஒவ்வொன்றிலும் போட்டிருக்கும் வாட்டைக் கூட்டிப் பார்த்தேன், நூற்றைம்பதைத் தாண்டவில்லை. கடைக்காரர் ஆயிரம் வாட் எடுங்கள் என்றார். கொட்டை எழுத்தில் இருப்பது ஒரு நொடி தாங்குவது, விடாமல் தாங்குவது எவ்வளவு என்று நான் கேட்டதும் பெட்டியைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். விடாமல் முந்நூறு வாட் தாங்குவதாக, ப்யூர் சைன் வேவ் பார்த்து எடுத்தேன். வீட்டுக் கரண்டு மாதிரி சீராக வருகிறது, பழையதில் அடாப்டர் சூடாகி முனகும், இதில் சத்தமே இல்லை. மெக்கானிக் மந்திரமூர்த்தி அண்ணாச்சி பேட்டரியிலிருந்தே தனி வயர் இழுத்து ஃபியூஸ் போட்டுத் தந்தார். "இஞ்சினை ஓடவிட்டே வேலையப் பாருங்க, இல்லன்னா பேட்டரி படுத்துரும்" என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை மறுபடி போனோம். மீன் ஆய்ந்து ஆய்ந்து ரேகை தேய்ந்த விரல், மெட்டில்டா அக்கா எத்தனை தடவை வைத்தும் கருவி எடுக்கவில்லை. "ஏளா செல்வி, நான் உசுரோடதான் இருக்கேன்னு இதுக்கு எப்பந்தான் தெரியும்" என்று கேட்டார்கள், எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தோம், அவ்வளவு நேரமும் கரண்டு ஒருமுறைகூடப் போகவில்லை, கடைசியில் எடுத்துக்கொண்டது. தாள் கையில் வந்த பிறகும் என் கையை அவர்கள் விடவில்லை.

இந்தக் கடையை நான் மூட மாட்டேன் ப்ரியா. முடங்கிக் கிடக்கிற வயசு எனக்கு இன்னும் வரவில்லை. உன் கவலை புரியாமல் இல்லை, உன் நினைப்பு வந்தால் நானும் அழத்தான் செய்கிறேன். எங்களுக்கு முடியவில்லை என்று நினைத்துக் கூப்பிட்டால் வர மாட்டேன். அம்மாவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல், கடையைப் பூட்டிவிட்டு அடுத்த விமானத்தில் வருகிறேன். சாவி மட்டும் என் இடுப்பில் இருக்கும்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். டிக்சனிடம் சுக்குக் கருப்பட்டி இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
சந்தனச்செல்வி