பூட்டில்லாத கரை வீடு

என் பிரியமுள்ள லாத்தாவுக்கு,

வெள்ளிக்கிழமை உங்களை அடக்கிய கபரடியில் ஸலாம் சொல்லிவிட்டு வெகுநேரம் நின்றேன். சொல்ல நிறைய இருந்தது, நின்றபடி சொல்லி முடியாது. அதனால் உங்கள் தம்பி இதை எழுதுகிறேன். கரை வீடு நிற்கிறது லாத்தா. நிமிர்ந்தே நிற்கிறது.

நம் தென்னந்தோப்பு இருந்த இடம் இப்போது உங்களுக்கு அடையாளமே தெரியாது. தார் ரோடு, தெருவிளக்கு, மஞ்சளும் ரோஸுமாய்ப் புது வீடுகள். நடுவே அந்தப் பவளக்கல் வீடு, கல்யாணக் கூட்டத்தில் வெள்ளை வேட்டியோடு வந்து உட்கார்ந்த பெரியவர் மாதிரி.

தோப்பைப் பிளாட் போட வாங்க வந்த மதுரைக்காரர் அதை இடித்துவிடலாம் என்றபோது குடும்பமே தலையாட்டியது. கூரை சரிந்து, சுவரில் ஆலஞ்செடி முளைத்து, ஆடுகள் படுத்துக் கிடந்த வீடுதானே? நீங்கள் மட்டும் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தபடியே, வீடு நின்றால்தான் கையெழுத்து என்றீர்கள். மனிதர் திரும்பத் திரும்ப வந்தார். வந்தபோதெல்லாம் டீ கிடைத்தது, கையெழுத்து கிடைக்கவில்லை. கடைசியில் வழியையும் நீங்களே சொன்னீர்கள். சட்டப்படி பூங்காவுக்கு எப்படியும் இடம் விட வேண்டும், அதை மூலையில் தள்ளாமல் இந்த வீட்டைச் சுற்றி விடுங்கள் என்று. அவர் பிளானை அப்படியே மாற்றிக்கொண்டு வந்தார், கையெழுத்தும் கிடைத்தது. எங்கிருந்து லாத்தா உங்களுக்கு அந்த மூளை?

சுண்ணாம்பு பூசி, கூரை மாற்றி வேலை முடிந்த அன்று, உடம்புக்கு முடியாத நிலையிலும் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். சுவரைத் தடவிப் பார்த்துச் சிரித்தீர்கள். கதவருகே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தச்சர் தன் ஆசைக்கு அழகான பித்தளைப் பூட்டு ஒன்றைப் போட்டிருந்தார்.

"இது யாருக்குத் தம்பி? கடல்லருந்து கரையேறி வாரவன் சாவியோடயா வருவான்?"

அந்தக் கதையை நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் கேட்டதுதான். தோணி கவிழ்ந்து நீந்திக் கரையேறிய ஒருவர், பூட்டிக் கிடந்த சரக்குக் கிட்டங்கி வாசலிலேயே குளிரில் இறந்து போனார். அதைக் கண்ட பிறகுதான் நம் பாட்டனார் இந்த வீட்டைக் கட்டினார். வெளியே பூட்டு கிடையாது, உள்ளே எப்போதும் ஒரு பானைத் தண்ணீர். நாங்கள் மறந்தோம், நீங்கள் மறக்கவில்லை. அன்றைக்கே பூட்டைக் கழற்றினோம்.

நீங்கள் போன பிறகுதான் பெரிய சோதனை வந்தது. குடிவந்தவர்கள் கூடி, கடல் பக்கம் முழுக்க காம்பவுண்டு சுவர் வேண்டும் என்றார்கள். பிள்ளைகுட்டியோடு இருப்பவர்கள், அவர்கள் பயத்தையும் குறை சொல்ல முடியாது. ஆனால் சுவர் எழும்பினால் கரையிலிருந்து அந்தக் கதவுக்கு யார் வர முடியும்? எல்லோரையும்விட உறுதியாகக் கேட்டவர் முதல் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா. உங்களைப் போல் பேச எனக்கு வரவில்லை. டீ மட்டும் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. கரையோரம் கடல்பாசி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நனைந்தபடி ஏறி வந்து கரை வீட்டுக்குள் புகுந்தார்கள். ஒருத்திக்குப் பாறை கிழித்துக் காலெல்லாம் ரத்தம். அவளை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். யாரோ எவரோ என்று குடையோடு பார்க்க வந்த டீச்சரம்மா, உடனே வீட்டுக்குத் திரும்பிப் போய்த் துண்டும் மருந்தும் பிளாஸ்கில் காப்பியும் கொண்டுவந்தார்.

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து, "செவுரு கட்டுங்க. அந்த வீட்டுக்கு நேரா மட்டும் வழி விட்ருங்க, கதவு, கேட்டு எதுவும் வேணாம். இல்லைன்னா இவங்க எங்கன போவாங்க?" என்றார். சிலர் இன்னும் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

நேற்று சுவர் வேலை தொடங்கியது. வழி எவ்வளவு அகலம் வேண்டும் என்று மேஸ்திரி கேட்டார். நீங்கள் இருந்தால் உங்களைத்தான் கேட்டிருப்பேன் லாத்தா.

"ரெண்டு பேரு சேந்து ஒருத்தரத் தூக்கிட்டு வாரணும். அந்த அளவுக்கு விடுங்க" என்றேன்.

பானை இனி என் பொறுப்பு. நான் இருக்கும்வரை அது வற்றாது, இன்ஷா அல்லாஹ்.

உங்கள் கையால் டீ குடித்து வளர்ந்த தம்பி,
காதர்