பேசாலையில் ஒரு பரசூட்

மார்கழி 3, செவ்வாய்
மழை இல்லை. வாடைக்காற்று. நத்தார் உடுப்பு, கிறிஸ்மஸ் தையல், இன்னும் பதினெட்டு பாக்கி. பொத்தான், வெள்ளை நூல் வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு படகுக்குப் பரசூட் தைக்க நீலப் பிளாஸ்டிக் தறப்பாளை வெட்டினேன். போன மாதம் இஞ்சின் நின்று, நங்கூரமும் மணலில் பிடிக்காமல், என் மனிசன் பீற்றரின் படகு இந்திய எல்லைப் பக்கம் இழுபட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. எல்லை தாண்டினால் பிடித்துவிடுவார்கள், ஆளும் இல்லை, படகும் இல்லை. பரசூட்டை முன்னணியத்தில், படகு மூக்கில், கட்டிக் கடலில் இறக்கினால், தண்ணீர் நிறைந்து படகைப் பிடித்து வைக்குமாம். போனில் பார்த்தது.

மாதிரிக்கு ட்ரங்குப் பெட்டியில் கிடந்த துணி. சண்டைக் காலத்தில் ஆமி இரவில் வெளிச்சத்துக்கு வானத்தில் அடித்த பரா லைட்டைத் தாங்கி வந்த குட்டிப் பரசூட், எங்கள் வீட்டு வளவில் விழுந்தது.

பீற்றர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, கடலுக்கும் நத்தார்ப் பாவாடையோ?"
"சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ."

மார்கழி 4, புதன்
பாரிசிலிருந்து தங்கச்சி மேரி போன் எடுத்தாள். பரசூட் தைப்பதைச் சொல்லி, பரா என்றால் வெளிச்சம்தானே என்றேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்திருந்தேன், இங்கே எல்லாரும்தான்.

"ஐயோ அக்கா! பரா எண்டால் தடுக்கிறது. இத்தாலிப் பக்கத்துச் சொல்லாம். சூட் எண்டால் இஞ்சத்தைப் பாஷையில விழுறது. குடையின்ர பேரிலயும் இஞ்ச அதே பராதான், மழையைத் தடுக்குதெல்லே."

இருநூறு வருடத்துக்கு முந்தியே ஒரு பிரெஞ்சுக்காரன் இரண்டையும் சேர்த்து வைத்த பெயராம். இரண்டு துண்டை மூட்டியிருக்கிறான், என்னைப் போல. விழுவதைத் தடுப்பது. நல்ல பெயர். கொப்பி மட்டையில் எழுதி வைத்தேன்.

மார்கழி 6, வெள்ளி
கரையோரத் தண்ணீரில் இறக்கி இழுத்துப் பார்த்தோம். முறுகி, தையல் பிரிந்து, கந்தல். கரை முழுக்கச் சிரிப்பு.

வீட்டில் மாதிரித் துணியைத் திரும்ப விரித்தேன். நடுவில் ஒரு ஓட்டை. நெருப்புப் பட்டுப் போனது என்று நினைத்து, என்னுடையதில் விடாமல் அடைத்துத் தைத்திருந்தேன். விரலால் தடவினால், சுற்றிவர மடித்துத் தைத்த கரை! காற்று போக வேண்டுமென்றே விட்ட ஓட்டை. இருபது வருடத் தையல்காரி, என் கண்ணுக்குப் படவில்லையே. சீ, வெட்கம்.

பிரித்து, மிஞ்சிய தண்ணீர் வழிந்து முறுகாமல் இருக்க ஓட்டை விட்டு, இரட்டைத் தையல்.

மார்கழி 11, புதன்
காலை ஒன்பது. மற்றப் படகுகள் வந்துவிட்டன. இவரைக் காணோம். காற்றுக்குக் கதவு அடிக்கிறது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. செபமாலை.

பதினொன்றரை. வேறொரு படகு இவருடையதைக் கட்டி இழுத்து வந்தது!

"விடியப்புறம் இஞ்சின் நிண்டுட்டுது. நீ தைச்சதை இறக்கினன். முன்னணியம் காத்துக்குத் திரும்பிச்சுது பார், அப்பிடியே நிண்டுது. எல்லைக்கு இஞ்சாலதான் நிண்டனாங்கள்." பிறகு கரைக்கே கேட்கிற மாதிரி: "என்ர மனிசி தைச்சது! பாவாடை இல்ல, பரசூட்!"

அழுதேன். பிறகு, பயப்படுத்தினதுக்கு நல்லா ஏசினேன். ஆனால் என் கை தைத்தது, என் மனிசன் வந்து நிற்கிறார். பெருமை, சொல்லாமல் என்ன.

மார்கழி 12, வியாழன்
வாசல் படலையில் மூன்று தறப்பாள். அன்றைக்குச் சிரித்த ஆட்கள்தான் கொண்டுவந்தது. பீற்றர் காலையிலேயே பெயின்ற் வாளியோடு என் கடைப் பலகையில். முந்தியே இருந்தது சட்டை, பாவாடை, பிளவுஸ். அதற்குக் கீழே, கோணல் எழுத்தில், பரசூட்.

"அக்கா, அளவு எடுக்க வேணுமோ?" என்றான் தறப்பாளோடு வந்த ஒருவன்.
"ஓம். படகைக் கொண்டு வாங்கோ."