அம்மா முன்னால் ஒரு கமரா

செவ்வாய், 2007 ஜூலை 10

பலத்த கடல் காற்று. ஜன்னல் கம்பியெல்லாம் உப்பு. காஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். அம்மாவின் பிரஷர் குளிசை முடிகிறது.

கனடாவிலிருந்து தம்பி கோல் எடுத்தான். "அக்கா, அம்மாவைக் காணேல்லை. கமரா நிண்டிட்டுதோ?"

நிற்கவில்லை. இன்டர்நெட் கொம்பனி வெளியிலிருந்து வரும் வழியை அடைத்துவிட்டது. வீட்டுக் கனெக்ஷனில் சேர்வர் நடத்தக் கூடாதாம். பெரிய சேர்வர்! மேசைக்கடியில் ஒரு பழைய கம்பியூட்டர். ஹோலில் கமராவுக்கு முன்னால் அம்மா இருப்பது அதன் வழியாகத் தம்பிக்குத் தெரியும், அவ்வளவுதான். கனடாவில் பேப்பர் சரிவரும்வரை தம்பி இங்கே வர முடியாது. வேலை இடைவேளையில் எட்டிப் பார்ப்பான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. வழக்கம்போல் விளக்கேற்றி, நல்ல சீலை கட்டி, தம்பி பார்ப்பான் என்று கமராவுக்கு நேரே வந்து உட்கார்ந்தார்.

வியாழன், ஜூலை 12

அரை நாள் லீவு. பம்பலப்பிட்டி, இன்டர்நெட் கொம்பனிக் கவுண்டர். வழியில் ஆமி செக்பொயின்ற், பஸ்ஸை விட்டு இறக்கிச் சோதனை. அதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

கவுண்டர் பிள்ளை என் ஐடென்டிக் கார்டைப் பார்த்தாள். பிறந்த இடம் யாழ்ப்பாணம். "வீட்டில் எதற்கு சேர்வர்? வெளிநாட்டிலிருந்து யார் பார்க்கிறார்கள்?" சிங்களத்தில், சாதாரணமாகத்தான் கேட்டாள். பயத்தில் சொல்லிவிட்டேன்: "ஒருவரும் இல்லை மிஸ். எங்களுக்குத் தேவையில்லை, அடைத்தே விடுங்கள்."

எனக்குப் பின்னால் நின்ற சிங்கள ஐயாவுக்கும் அதே பிரச்சினை. படுக்கையில் கிடக்கும் தகப்பனை லண்டனில் உள்ள தங்கை பார்க்க வேண்டுமாம்.

"நோயாளியா? ஒரு கடிதம் தாருங்கள், திறந்து விடுகிறோம்." அதே பிள்ளைதான்.

திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னதை மாற்றினால் அதுவே சந்தேகமாகிவிடுமோ என்று பயம். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் ஒரு மடைச்சி.

ஞாயிறு, ஜூலை 15

மழை. காஸ் வந்தது. குளிசை வாங்க மறந்துபோனேன்.

தம்பி கோல். "போய்க் கேட்டனியோ?"

"கேட்டனான். ஏலாதாம்."

"சரி விடு அக்கா. அவையளோட கொழுவிச் சண்டை பிடிக்கப் போகாதை. நீ கவனம்." திட்டியிருந்தால் பரவாயில்லை.

மாலை. அம்மா கமரா முன்னால், தீபாவளிச் சீலையில். அடைத்ததை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. நான் கீழே உட்கார்ந்து அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். திடீரென்று என் கையைப் பிடித்துத் தூக்கிக் கமராவுக்குக் காட்டினார்.

"பார் தம்பி, உன்ர கொக்கா என்னை ஒரு குறையில்லாமப் பாக்கிறாள். நீ ஒண்டுக்கும் யோசியாதை."

நானும் கமராவைப் பார்த்துச் சிரித்தேன்.