விரிசல் இல்லாத சாலை

வியாழன், இரவு

இருபது வருட ஆராய்ச்சிக்குப் பின், ரப்பர் பால் கலந்த தாரில் காஹாங் தோட்டப் பாதையில் நான் போட்ட சோதனைச் சாலை. ஓராண்டாகியும் ஒரு விரிசல் இல்லை. காலையில் பூரித்துப்போய் நின்றேன். அப்போது எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஓரத்து மண்ணில் இறங்கிப் போனது. பின்னால் வந்த லோரியும் அப்படியே. அதை நிறுத்திக் கேட்டேன்.

"ஆராய்ச்சி ரோடுன்னு போர்டு வச்சிருக்கீங்களே மேடம்! ஏறுனா கெட்டுப் போயிரும் லா. நாங்க யாரும் ஏறுறதில்ல," என்றார் டிரைவர்.

ஓராண்டாக இவர்களுடைய மரியாதையைத்தான் அளந்திருக்கிறேன்.

"ஏறுங்கண்ணே. கெடாது," என்றேன்.

போர்டை நானே பிடுங்கிக் காரில் போட்டேன். அறிக்கையில் 'விரிசல் இல்லை' என்பதை இப்போதுதான் அடித்துவிட்டு, 'இன்றுதான் முதல் லோரி ஏறியது' என்று எழுதினேன்.