யோரிக்குக் கட்டி வைத்த விறகு

நவம்பர் 11, 1961
இன்று மார்ட்டீன் திருநாள். இன்றிலிருந்து பிப்ரவரி இரண்டு வரை எங்கள் மலைக் குக்கிராமமான லிட்ஸியில் ஒரு வீட்டிலாவது புகை எழ வேண்டும். தொடர்ந்து ஏழு நாள் எழாவிட்டால் மேய்ச்சல் மலையில் எங்களுக்குள்ள பங்கு கீழே பிளாட்ஸ் ஊருக்குப் போய்விடும். நானூறு வருஷமாக இதுதான் சட்டம். கணவாய் தாண்டி வந்த எங்கள் முன்னோர் முதலில் குடியேறியது லிட்ஸியில்தான். பிளாட்ஸ் அப்புறம் முளைத்த ஊர். இதைச் சொன்னால் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்!
ஒன்பது வீடுகளில் இப்போது அடுப்பெரிவது என் வீட்டில் மட்டும்.

நவம்பர் 29
மறுபடி வயிற்றுவலி. பால் கறக்கக்கூடக் குனிய முடியவில்லை.

டிசம்பர் 5
பித்தப்பையில் கல்லாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிளாட்ஸில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்ட தம்பி யோரியை வரச் சொன்னேன். நான்கு பசுக்களையும் தன் தொழுவத்துக்கு ஓட்டிப் போனான்.
"நீ போய்ட்டு வாக்கா. தெனமும் ஏறி வந்து அடுப்பு மூட்றது எம் பொறுப்பு. நானும் இந்த வீட்ல பொறந்தவந்தானே?"
"யாருகிட்டயும் மூச்சு விடாதடா. நான் இல்லன்னு தெரிஞ்சா பிளாட்ஸ்காரனுங்க நாள் எண்ண ஆரம்பிச்சிடுவானுங்க."
அவன் சிரமப்படக் கூடாதென்று, நாளுக்கு ஒன்றாகப் பதினாறு கட்டு விறகு கட்டி அடுப்பருகே அடுக்கினேன். கயிறு போதவில்லை. என் பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்துக் கட்டினேன்.

டிசம்பர் 22
வீடு திரும்பினேன். வாசல் பனியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. அடுப்பில் நான் விட்டுப்போன சாம்பல். பதினாறு கட்டும் அப்படியே இருக்கின்றன.
அவனுக்கு உடம்பு சரியில்லையோ? மலையேற முடியாதபடி பனி கொட்டியதோ? அப்படித்தான் இருக்கும்.

டிசம்பர் 23
அப்படியில்லை.
பிளாட்ஸில் ஊர்க்கூட்டம். பெண்களுக்கு ஓட்டு கிடையாது, கதவோரம் நின்றேன். ஊர்த்தலைவர் கிளாஸ், "லிட்ஸியில பொகை பாத்தவங்க உண்டா?" என்றார். யோரி எழுந்தான். என் தம்பி!
"இல்லீங்க. பதினாறு நாளா இல்ல. நானே எண்ணினேன்."
"உங்கிட்ட ஒப்படைச்சிட்டுத்தானடா போனேன்?" என்று கத்தினேன். தையல் போட்ட இடம் இழுத்தது.
"எங்கிட்டயா? யாரு பாத்தா?"
யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியக் கூடாதென்று சொன்னவளே நான்தானே. லிட்ஸியின் பங்கு இனி பிளாட்ஸுக்கு என்று எல்லாரும் கை தூக்கினார்கள். அவனும் தூக்கினான்.

டிசம்பர் 24
பசுக்களை ஓட்டி வந்தேன். தொழுவ வாசலில் அவன் நின்றான். அவனைத் தாண்டி நடந்தேன்.

ஜனவரி 9, 1962
பள்ளி ஆசிரியர் வந்து சொன்னார்: மேய்ச்சல் மலையில் பனிச்சறுக்குக்காரர்களுக்கு ரோப்கார் வரப்போகிறதாம். லிட்ஸியின் பங்கு இருந்தவரை முடியாமல் கிடந்ததாம். அடிவார நிலையத்தில் மேற்பார்வை வேலை யோரிக்கு; உத்தியோகத் தொப்பியும் உண்டாம்.
ஒரு தொப்பிக்காகவாடா? சட்டை எல்லாம் நான் தைத்துப் போட்டு வளர்த்த பயல்.

ஜூன் 14
எல்லார் மாடும் மலையேறின. என்னுடையவற்றை விற்றுவிட்டேன்.

நவம்பர் 11
அடுப்பு மூட்டினேன். எந்தப் பங்கும் இல்லை, குளிருக்குத்தான். அந்தப் பதினாறு கட்டுகளை இன்றும் தொடவில்லை. தொட்டால் கை எரியும் போலிருக்கிறது.

டிசம்பர் 18
யோரி வீட்டுக் கூரையில் இரண்டு நாளாகப் புகை இல்லை. அவன் மனைவி, மகளின் பிரசவத்துக்காக அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். எனக்கென்ன? அவன் எண்ணினானே, நானும் எண்ணுகிறேன்.

டிசம்பர் 19
மூன்று.
மத்தியானம் அந்தப் பதினாறு விறகுக்கட்டில் ஒன்றை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினேன். காய்ச்சலில் கிடந்தான். உதடெல்லாம் வெடிப்பு.
"யாருகிட்டயும் சொல்லாதக்கா. படுத்துட்டேன்னு தெரிஞ்சா வேலைக்கு வேற ஆளப் போட்ருவாங்க."
அடுப்பின் முன் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். அவன் சிவப்புத் துணியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.
பார்லிக் கஞ்சி வைத்துவிட்டு வந்தேன். மன்னிக்கவில்லை. நாளைக்கு இரண்டாவது கட்டு. இன்னும் பதினைந்து இருக்கின்றன.